மைப்பொட்டு வைத்த கிரேக்கச் சாமிகள்

இளங்கோ,

இதைக் கல்யாணத்துக்கு முன்பே படித்துவிடு. படித்த கையோடு ஓடிவந்து, "இன்னாமா இதெல்லாம்" என்று என் எதிரே நிற்காதே. நேரில் சொல்ல முடிகிற விஷயமாக இருந்தால் நான் ஏன் பேனாவைத் தேடி எடுக்கப்போகிறேன்? உன்னிடம் எதையாவது சொல்ல வாயைத் திறந்தால் பாதி நேரம் அது திட்டாகத்தான் வந்து விழுகிறது. திட்டாக இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள், வாரப் பத்திரிகை ஒன்று விடாமல் படிக்கிறவள், இருந்தாலும் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ கட்டிக்கொள்ளப் போகிற ரேவதிக்கும் படித்துக் காட்டு. அவளுக்குத் தெரியக்கூடாதது இதில் ஒன்றும் இல்லை.

போன வாரம் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு உத்திரமேரூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒரு கேள்வி கேட்டாய். "கல்யாணம் முடிஞ்சி ரேவதி வேல பாக்கற ஓசூருக்கு நாங்க போறப்ப நீயும் கூட வந்துடு மா. இங்க தனியா இன்னா பண்ணுவ?" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பாக்கலாம்" என்றேன். நம் வீட்டில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். சைக்கிள் கேட்டபோதும் பாக்கலாம், ஸ்கூல் டூர் கேட்டபோதும் பாக்கலாம். ஆனால் அன்றைக்குச் சொன்னது அந்தப் பாக்கலாம் இல்லை. எனக்கே பதில் தெரியவில்லை. பாதி மனசு வருகிறேன் என்றது, பாதி மனசு வேண்டாம் என்றது. பஸ் பெருநகர் ஊருக்குள் திரும்பும்வரை நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை. அந்தப் பதிலைத்தான் இதில் சொல்லப்போகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், என் வழக்கம் உனக்குத் தெரியாதா.

நீ வேலை போய் வீட்டுக்கு வந்த நாட்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஃபேக்டரியில் காண்ட்ராக்டில் இருந்தவர்களை எல்லாம் ஒன்றாக நிறுத்திவிட்டார்கள். பையை மூலையில் போட்டுவிட்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். நாஷ்டா வைத்தால் ஆறிப்போகும். கூப்பிட்டால் "உம்" என்பாய். நாள் முழுக்கப் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். "பையனுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறவர்களிடம், "லீவுல வந்துகீறான்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போனது. வெளியே நான் கோபமாகத்தான் இருந்தேன், சட்டி பானையை எல்லாம் டமார் டமார் என்று வைத்தேன். உள்ளே ஒரே பயம். இந்தப் பிள்ளை எழுந்திருக்காமலே போய்விடுவானோ என்று பயம். கிணற்றுப் பக்கம் நீ நடந்தால்கூட, துணி காயப்போடுகிற சாக்கில் பின்னாலேயே வந்தேன். காய்ந்த துணியையே திரும்பத் திரும்பக் காயப்போட்டேன். உனக்கு அது தெரிந்திருக்கும்.

அது அறுவடை முடிந்த சமயம். முறங்களை மெழுக எடுத்தேன். உனக்குத் தெரிந்ததுதான், ரேவதிக்காகச் சொல்கிறேன். மூங்கில் முறத்தில் இடுக்கு இருக்கும், நொய் ஒழுகிவிடும். அதனால் பழைய பேப்பரைக் கிழித்து ஊறப்போட்டு, ஊறின வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டி, அந்தக் கூழை முறத்தின் இரண்டு பக்கமும் பூசிக் காயவைப்போம். வெந்தயத்தின் கசப்புக்குப் பூச்சி அண்டாது. நான் வாசலில் உட்கார்ந்து பூசிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவன், கூழ்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் குந்தி, ஓர் உருண்டையைக் கையில் எடுத்தாய். "கைய எடுடா, நாறப்போவுது" என்று வாய்வரை வந்துவிட்டது. அப்படியே முழுங்கினேன். என் ஆயுசில் நான் வாயை அடக்கியதற்குக் கிடைத்த பலன் அதுதான்.

கவிழ்த்து வைத்திருந்த சோத்துச் சட்டியின் மேல் கூழை அப்பினாய். மூக்கை இழுத்தாய், புருவம் வைத்தாய், தாடியைச் சுருள் சுருளாகத் திரித்து ஒட்டினாய். சாயங்காலம் வந்து பார்த்தால் வாசலில் ஒரு முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

"இன்னாடா, உங்க பெரியப்பாவப் பண்ணி வச்சிக்கீற?"

"பெரியப்பா இல்லமா. ஜீயஸு. கிரேக்கக்காரங்களோட பெரிய சாமி. இடி மின்னல் எல்லாம் இவரு கைல தான் கீது."

"நம்ம இந்திரன் மாதிரியா?"

"அப்டித்தான் வச்சிக்கயேன்."

"கொணமும் அப்டித்தானா?"

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "அதுக்கும் மேல மா" என்றாய். எத்தனையோ நாளைக்குப் பிறகு நீ என்னிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினது அன்றைக்குத்தான். போனில் நீ பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் இந்தக் கதைகள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் வேறு என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஜீயஸை மதில்மேல் வெயிலில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பக்கத்து வீட்டு ஆடு அவருடைய தாடியைத் தின்றுகொண்டிருக்கிறது. வெந்தயக் கசப்பையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு அசை போடுகிறது, பாவி. நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஆட்டுக்காக நான் கத்தவில்லை. போச்சு, இனிமேல் இவன் மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான் என்று கத்தினேன். நீ வெளியே வந்து, மிச்சமிருந்த முகத்தைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாய். "தாடியில்லாத சாமி ஒருத்தர் கீறாரு மா. அப்பல்லோ. அவரா மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு மோவாயைத் தட்டிச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டாய். அந்த ஆட்டுக்கு நான் அப்புறமாக ஒரு கட்டு அகத்திக்கீரை வைத்தேன். உனக்குச் சொல்லவில்லை.

அப்புறம் அந்தத் தலை முழுக்கப் பாம்பு வைத்த பொம்பளை, மெதூசா. முழியும் பல்லுமாக அவளைச் செய்து காயவைத்திருந்தாய். காவாந்தண்டலத்தில் ஒரு புது வீட்டு வேலையில் இருந்த மேஸ்திரி வண்டியை நிறுத்திவிட்டு, "யக்கா, இந்தத் திஷ்டி பொம்ம எங்க வாங்குன?" என்று கேட்டார். நீ உள்ளேயிருந்து வந்து, திருஷ்டி பொம்மை இல்லை, இது கிரேக்கக் கதையில் வருகிறவள், சாபத்தால் இப்படி ஆனவள், இவளைப் பார்த்தவர்கள் எல்லாரும் கல்லாகிவிடுவார்கள் என்று நின்று நிதானமாக விளக்கினாய். மேஸ்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டார். "பாத்தவன் கல்லாயிடுவானா? நான் கேக்கறதும் அதானப்பா. குடு" என்றார். அப்போது சிரித்தாயே ஒரு சிரிப்பு! குந்தினவன் எழுந்திருக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். மெதூசா காவாந்தண்டலம் போய், புது வீட்டு மாடிச் சுவரில் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள். உன் பிழைப்பு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

அதன் பிறகு வேலை கூடிவிட்டது. தனியாக ஆட்ட என்னால் முடியாமல் போய் செஞ்சம்மாவைக் கூப்பிட்டேன். ரேவதி இன்னும் அவளைப் பார்க்கவில்லை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறாள். நானும் அவளும் ஒரே சேற்றில் நின்று எத்தனையோ வருஷம் நாற்று நட்டவர்கள். பேப்பர் ஊறுகிற வாளியைச் சுற்றி நாங்கள் இரண்டு பேர், நடுவில் நீ. கை வேலை செய்ய, உன் வாய் கதை சொல்லும். மகளைப் பாதாள லோகத்து ராஜா தூக்கிக்கொண்டு போனதும், அம்மாக்காரி கோபத்தில் பூமியையே காயப்போட்டதும், கடைசியில் பாதி வருஷம் புருஷன் வீடு, பாதி வருஷம் அம்மா வீடு என்று பஞ்சாயத்து முடிந்ததும் சொன்னாய். "நாம ஆடி மாசத்துக்குக் கூட்டியாற மாதிரிதான். அந்தம்மா கெட்டிக்காரி, ஒரு மாசத்தோட வுடாம ஆறு மாசம் வாங்கிகினா" என்று செஞ்சம்மா சொல்ல, நாங்கள் சிரித்த சிரிப்பில் கூழில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. இப்படியெல்லாம் உட்கார்ந்து சிரிக்க எனக்குக் கொடுத்துவைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை, இளங்கோ. நாற்று நட்டதும் களை எடுத்ததும் உன்னை வளர்த்ததும் தவிர என் கைக்கு வேறு ஒன்று தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

ஒருநாள் அக்கிலீஸ் கதை சொன்னாய். அவன் அம்மா தெட்டிஸ். பிள்ளை மேல் ஓர் ஆயுதமும் படக்கூடாது என்று பச்சைக் குழந்தையைப் பாதாள ஆற்றில் முக்கி எடுக்கிறாள். குதிகாலைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக முக்கியதால் அவள் கை பிடித்திருந்த இடத்தில் மட்டும் தண்ணீர் படவில்லை. பெரியவனாகி, யாராலும் ஜெயிக்க முடியாத வீரனாகி, கடைசியில் அந்தக் குதிகாலில் அம்பு பட்டுச் செத்துப்போகிறான். இவ்வளவுதான் கதை. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

"அறிவு வேணாம் அந்தப் பொம்பளைக்கு? கைய மாத்திப் புடிச்சி இன்னொரு முக்கு முக்கியிருந்தா முடிஞ்சிது. அதக்கூடவா யோசிக்கல?"

"அவ யோசிச்சிருந்தா கத ஏது மா?"

"உன் கத கெடக்குது. புள்ளைய இல்ல பறிகுடுத்துட்டா!"

நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நானும் அதை அதோடு விட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் களத்துமேட்டுக்குப் போகும்போதும் பால் வாங்க நிற்கும்போதும் அந்தப் பொம்பளை என் கூடவே வந்தாள். ஏன்டி கையை மாற்றவில்லை என்று அவளிடம் சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன்.

உன் அப்பாவைப் பம்ப்செட்டில் கரண்டு அடித்துக் கொண்டுபோனபோது நீ ஒன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். அன்றையிலிருந்து உன்னை விட்டால் எனக்கு யார்? மழைக்காலத்தில் செய்யாற்றில் தண்ணீர் வந்தால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் குதிப்பார்கள், நீ கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். சுவிட்ச் போடக்கூட உன்னை விட்டதில்லை. டிப்ளமோ முடித்து, புனேயில் நல்ல கம்பெனியில் வேலை என்று ஆர்டரோடு வந்தபோது, "என் பொணத்தத் தாண்டிப் போடா" என்றேன். போகவில்லை நீ. பக்கத்திலேயே காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாய். அந்த வேலைதான் உன்னைச் சுவர் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தது. ஒரு தடவையாவது "உன்னாலதான்" என்று நீ சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன். நீ சொல்லவே இல்லை. உனக்கு அடி விழுந்த இடம் நான் பிடித்திருந்த இடம்தான் என்று உன் கிரேக்கக் கதை வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, அழுவதற்காக இதை எழுதவில்லை. சிரிக்கிற கதைக்கு வருகிறேன். காவாந்தண்டலத்துப் புது வீட்டுக்காரருடைய மகள் சென்னையில் காபி கடை வைத்திருக்கிறாள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவள் மாடிச் சுவரில் மெதூசாவைப் பார்த்துவிட்டு நேராக நம் வீட்டுக்கு வந்தாள். கடைச் சுவர் முழுக்க மாட்ட ஆணும் பெண்ணுமாகக் கிரேக்கச் சாமிகள் வேண்டும், கூடவே ஒரு மெதூசாவும் வேண்டும் என்றாள். நாம் மூன்று பேரும் அந்த வேலைக்காகச் சோறு தண்ணீர் மறந்தோம். எல்லாச் சாமியும் ஒரே சோத்துச் சட்டியில் பிறந்ததால் எல்லாருக்கும் நம் பக்கத்து வட்ட முகம். மூக்கு வைப்பது மட்டும் செஞ்சம்மா. என்னை விட அவளுக்குத்தான் மூக்கு நன்றாக வரும். கடைசியில் நீ வண்ணம் பூசி வரிசையாக வைத்தபோது, அஃப்ரோதித்தியைப் பார்த்து எனக்கே கண் பட்டுவிடும் போலிருந்தது. அப்படி ஓர் அழகு. பெட்டியில் வைத்து அடைக்க நீ வைக்கோல் வாங்கி வரப் போயிருந்தாய். நான் மை டப்பாவை எடுத்து வந்து ஒவ்வொரு கன்னத்திலும் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். வேறு என்ன செய்வேன்? உன்னைக் குளிப்பாட்டிய நாளெல்லாம் கன்னத்தில் ஒன்று, குதிகாலில் ஒன்று என்று மைப்பொட்டு வைக்காமல் நான் வாசலுக்குத் தூக்கி வந்ததே இல்லை. நம் கையால் பிறந்த அழகான முகத்தை வெறும் கன்னத்தோடு மெட்ராஸ் மாதிரி ஊருக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. மெதூசாவுக்கு மட்டும் வைக்கவில்லை. அவளுக்கு எவன் கண் படப்போகிறது?

பெட்டி போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெண் போன் பண்ணினாள். நீ ஸ்பீக்கரில் போட்டாய். "அண்ணா, எல்லா மூஞ்சியிலயும் கறுப்பா ஒரு புள்ளி இருக்கே. பூஞ்சை புடிச்சிருக்கா?" என்றாள். நீ மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாய். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நீ போட்ட சத்தத்துக்கு ஆடு விஷயத்தில் நான் போட்ட சத்தம் ஒன்றுமே இல்லை. "ஒனக்கு அறிவு கீதா மா? இது இன்னா கொழந்தையா, மை வைக்க? பேரு கெட்டுப்போச்சி, எல்லாம் பேஜாராயிடிச்சி" என்று குதித்தாய். நானும் விடவில்லை. போனைப் பிடுங்கி, "ஏம்மா, அழகா கீற மூஞ்சிக்கு ஒரு திஷ்டிப் பொட்டு வைக்காம எப்டி வெளிய அனுப்பறது? வந்த எடத்துல கண்ணு பட்டு வெடிச்சிட்டா?" என்று கேட்டேன். நீ சாப்பிடாமல் போய்ப் படுத்தாய். நல்லவேளை, சுவர் பக்கம் திரும்பவில்லை, விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தாய். கோபம்தான் என்று எனக்கு நிம்மதி.

நீ வண்ண டப்பாவை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய் எல்லாப் பொட்டையும் மறைத்துவிட்டு வருவதாக இருந்தாய். அதற்குள் அவளே மறுபடியும் கூப்பிட்டாள். கடைக்கு வருகிற சின்னப் பிள்ளைகள் பொட்டைத் தேடித் தேடித் தொடுகிறார்களாம், அவர்களோடு வருகிற பாட்டிமார்களுக்கு அந்தச் சாமிகள் மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டதாம். பொட்டை அழிக்க வேண்டாம் என்றாள். மெதூசாவுக்கு மட்டும் ஏன் இல்லை, பாவம், அவளுக்கும் ஒன்று வைத்துத் தாருங்கள் என்று அவளைத் திருப்பி அனுப்பினாள். பெட்டியைப் பிரித்து மெதூசாவை எடுத்து என் முன்னால் வைத்தாய். உள்ளே போய் மை டப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டாய். உன் அப்பாவும் இப்படித்தான், மன்னிப்பு கேட்க வாய் வராது, கையில் எதையாவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு நம் வாசலைத் தாண்டின எந்த முகமும் பொட்டில்லாமல் போனதில்லை. பொட்டு மட்டும் என் வேலை என்று ஆனது.

பொங்கலுக்கு எனக்கென்று ஒரு தட்டு செய்து கொடுத்தாய். சுவரில் மாட்டுகிற பெரிய தட்டு. நீல ஆறு, குனிந்து நிற்கிற அம்மா, அவள் கையில் தலைகீழாகக் குழந்தை. "புள்ளைய இப்டியா தொங்கவுடுவாங்க, மூக்குல தண்ணி போவாது?" என்று சொல்லிக்கொண்டே டிவிக்கு மேல் மாட்டினேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. புனே விஷயத்தைச் சொல்லாமல் சொல்கிறான், குத்திக் காட்டுகிறான் என்று நினைத்தேன். அதனால் அதைச் சரியாக ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

கல்யாணத்துக்கு வெள்ளை அடிப்பதற்காக முந்தாநாள் சுவரில் இருந்ததை எல்லாம் கழற்றினோம். செஞ்சம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நான் தட்டை இறக்கினேன். தூசி துடைக்கும்போதுதான் பார்த்தேன். குழந்தையைப் பிடித்திருக்கிற அந்தக் கையில் சுண்டுவிரல் வளைந்திருக்கிறது. கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டு, கோணலாகவே ஒட்டிப்போன என் சுண்டுவிரல். அது என் கை. குழந்தையின் குதிகாலில், என் கட்டைவிரலுக்குக் கீழே, கறுப்பாக ஒரு மைப்பொட்டு. நான் வைத்தது இல்லை. நீ வைத்தது. பொட்டுக்காக அந்தக் குதி குதித்தவன், யாரிடமும் சொல்லாமல், சின்னதாக, பார்த்தால் பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறாய். தண்ணீர் படாத அந்த இடம் சும்மா விடப்பட்ட இடம் இல்லை, அங்கேதான் என் மை இருந்தது என்று சொல்லிவிட்டாய். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இன்னாக்கா, அடி பட்டுச்சா?" என்று செஞ்சம்மா பதறினாள். இல்லை என்று தலையாட்டினேன்.

பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்கிற வழக்கம் நம் பக்கம் இல்லை. நான் சொல்கிறேன். நீ அந்த உருண்டையைக் கையில் எடுத்ததற்கு, எழுந்து உட்கார்ந்ததற்கு நன்றி. என்னைக் குறை சொல்ல எல்லா நியாயமும் இருந்தும் சொல்லாமல் கதை சொன்னதற்கு நன்றி. இந்தக் கோணல் விரல் கையை நீல ஆற்றுக்கு மேலே வைத்து அழகு பார்த்ததற்கு நன்றி. ரேவதிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போன அன்று உன்னிடம் என்ன வேலை என்று கேட்டார்கள். நீ தயங்கித் தயங்கி, பேப்பர்க் கூழில் சாமி முகம் செய்கிறேன் என்றாய். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் மட்டும், "எந்தச் சாமி?" என்று ஆசையாகக் கேட்டாள். எனக்கு அங்கேயே நிச்சயம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவள், நின்று நின்று கால் வலித்து வருவாள். வந்ததும் உன் சாமிகளை எல்லாம் வரிசையாகக் காட்டி அவளைப் படுத்தாதே, முதலில் டீ போட்டுக் கொடு. முடியாது என்றால் முடியாது என்று அவளிடம் நேராகச் சொல். பாக்கலாம் என்கிற வார்த்தை இந்த வீட்டோடு போகட்டும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ கேட்டதை செஞ்சம்மாவிடம் சொன்னேன். கூழ் ஆட்டிக்கொண்டிருந்தவள் குழவியை நிறுத்திக் கையை வழித்தாள். அப்புறம், "புள்ள கூப்புடறான், போய்ட்டு வாக்கா. போவாதன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த மை எப்டி காச்சறதுன்னு மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போ" என்றாள். சொல்லிக் கொடுக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. எனக்கு அந்த வேலையை விட மனசு இல்லை, இளங்கோ. காலையில் எழுந்தால் வாளியில் பேப்பர் ஊறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் கால் போகிறது. இத்தனை வயதுக்கு மேல் எனக்கென்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, அதை விட்டுவிட்டு வா என்றால் எப்படி? சட்டியும் வாளியும் இங்கே இருக்கட்டும். முகங்களை நாங்கள் செய்து காயவைத்து அனுப்புகிறோம். வண்ணத்தை நீ அங்கே பூசு. ஓசூரில் ஈரம் ஜாஸ்தி என்கிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் நிழலில் ஆறவிடு, அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடித்துவிடும்.

இது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்த தெட்டிஸோடு எனக்கு இருந்த சண்டை தீர்ந்துபோனது. அவள் ஏன் கையை மாற்றிப் பிடித்து இன்னொரு முக்கு முக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. அவளுக்கு அறிவில்லாமல் இல்லை. கையை மாற்ற வேண்டும் என்றால் நடுவில் கொஞ்சம் விட்டாக வேண்டும். கீழே ஆறு ஓடுகிறது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு விட அவளுக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான். எந்த அம்மாவுக்கு வரும்?

அதனால்தான் நான் வரவில்லை, கண்ணு. கையை மாற்றுகிற நேரம் இது. கோபமில்லை, மனத்தாங்கலும் இல்லை. வருவேன், போவேன், ஆடி மாசம் ரேவதி அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போது நீ இங்கே வா, செஞ்சம்மா சிரிப்பாள். கல்யாணத்தன்று காலையில் மணவறைக்குப் போவதற்கு முன்னால் கன்னத்தில் பொட்டு நான்தான் வைப்பேன், அதை யாருக்கும் விட்டுத் தர மாட்டேன். குதிகாலில் வைக்கிற பொட்டை ரேவதி வைக்கட்டும். மை டப்பாவை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்ளாதே, நீட்டு. அவள் பிடித்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்துவிட்டு, விடுகிறேன்.

அம்மா